பழைய எண், புதிய எண்

'க்ளவுட்' என்று சொல்கிறார்களே, அந்த மேகத்துக்குள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம். தொட முடியாது, தூக்க முடியாது. பஞ்சுப் பொதிக்குள் தூங்கும் பிள்ளை மாதிரி மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்குமாம். சைதாப்பேட்டை ஆபீஸில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொள்வது, வேலைக்குச் சேர்ந்து மாதம் திரும்பாத வடிவு.

ஒருநாள் மேலாளர் தணிகாசலம் வந்து நின்றார். "ஏம்மா, புதுக் கடையோட வெப்சைட்டுக்குன்னு இந்த மெஷினுக்கு இன்னொரு ஐபி முகவரி வாங்கிப் போட்டேன். அதுல கூப்பிட்டா பதிலே இல்ல. நான் செஞ்சதுல தப்பு இருக்காது. சாயங்காலத்துக்குள்ள பேச வை, இல்லேன்னா நாளைக்கு வராதே."

ஆபீஸே எட்டிப் பார்த்தது. வடிவு ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தபடி, கனவில் பேசுகிறவள் போலக் கேட்டாள்: "சார், நம்ம கேட்ல பழைய எண், புதிய எண்ணுன்னு ரெண்டு எழுதியிருக்கே. எந்த எண்ணுக்குக் கூரியர் வந்தாலும் எப்படி உங்க மேஜைக்கு வருது?"

"இது ஒரு கேள்வியா? ரெண்டும் நம்மளுதுதான்னு வாட்ச்மேன்கிட்ட நான்தானே சொல்லி வெச்சேன்!"

"மெஷின்கிட்ட சொன்னீங்களா சார்?"

தணிகாசலம் குனிந்து திரையைப் பார்த்தார். முகவரியை மேகத்தின் வாசலில் மாட்டியவர், மெஷினுக்குள்ளே எழுத மறந்திருந்தார். புது எண்ணில் கூப்பிட்டபோதெல்லாம், யாரோ பக்கத்து வீட்டைத் தேடுகிறார்கள் என்று நினைத்து மெஷினும் பேசாமல் கிடந்தது.

வடிவு மெஷினுக்குள்ளே பழைய முகவரிக்குக் கீழே புதியதையும் எழுதினாள். அப்புறம் எந்த எண்ணைச் சொல்லித் தட்டினாலும் மேகத்தில் கதவு திறந்தது.

மறுநாள் வடிவு வழக்கம்போல வந்தாள். மேலாளர்தான் வாட்ச்மேனுக்கு முதல்முறையாக வணக்கம் வைத்துவிட்டு உள்ளே வந்தாராம்.