பக்கத்து வயலைக் கேளுங்க

விளைச்சல் கணக்கெடுக்க நெட்டூரணிக்கு வந்த அதிகாரி அம்பலவாணருக்குத் தலை சுற்றியது. "எத்தனை மூட்டை விளைஞ்சது?" என்று கேட்டால் போதும், ஒருவன் வானத்தைப் பார்க்கிறான், ஒருத்தி மாட்டை அவிழ்க்கப் போகிறாள்.

கோபமெல்லாம் ஜீப் ஓட்டும் தற்காலிக டிரைவர் தவசி மேல் பாய்ந்தது. "உன் ஊர்தானேடா? எவன் பதில் சொல்ல மாட்டான்னு முன்கூட்டியே சொல்லு. அவனையும் சொல்ல வை. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சரிங்கய்யா. உங்க வயல்ல இந்த வருஷம் எத்தனை மூட்டைங்க?"

"அது உனக்கெதுக்குடா?"

"பதில் சொல்லாத முதல் ஆள் நீங்கதாங்க."

அதிகாரி கணக்கு நோட்டைப் படக்கென்று மூடினார்.

"சொன்னா கண்ணு பட்டுரும்னு பயங்கய்யா. நெல் அளக்கிறப்ப நாங்க 'ஒண்ணு'ன்னுகூடச் சொல்ல மாட்டோம், 'லாபம்'னுதான் ஆரம்பிப்போம். பக்கத்து வயலைக் கேட்டுப் பாருங்க."

கேட்டார். தெருவே வாயைத் திறந்தது. பக்கத்து வயல் விளைச்சலை ஒரு மரக்கால்கூடப் பிசகாமல் ஒப்பித்தார்கள். எழுதி எழுதி அவருக்குக் கை வலித்தது.

"ஆனா என் வயல் கணக்கை மட்டும் எவனாலும் வாங்க முடியாதுடா" என்று மீசையை முறுக்கினார்.

"நாற்பத்திரண்டு மூட்டைங்க" என்றான் தவசி. "நேத்து உங்க பக்கத்து வயல்காரர், அதான் உங்க சகலை, அவரை இந்த ஜீப்புலதான் ரயில் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் கேட்கக்கூட இல்லைங்க."