மரங்கொத்தி கேட்காமல் கொடுத்த பொந்து

காட்டோடையின் இரு கரையிலும் இரண்டு மருத மரங்கள் நின்றன. அக்கரை மரத்தில் செங்கொண்டை என்ற மரங்கொத்தி இருந்தது. இக்கரை மரத்தில் அதன் தங்கை மஞ்சமுதுகி இருந்தது.

எந்தப் பொந்து யாருக்கு என்று சொல்வது செங்கொண்டையின் வேலை. ஒரு பொந்தைக் கொடுத்ததும் தங்கைக்கும் கத்திச் சொல்லும். தங்கை அதை மனதில் வைத்துக்கொள்ளும். நடுநடுவே செங்கொண்டை மரத்தை ‘டொக் டொக்’ என்று கொத்தும். உயிரோடு இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். அந்தச் சத்தம் நின்றுபோனால் தங்கை பொறுப்பை ஏற்க வேண்டும்.

மஞ்சமுதுகிக்கு எப்போதும் அக்காவின் கவலைதான். சத்தம் சற்றுத் தாமதித்தாலே கிளைக்குக் கிளை தாவும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓடை இரைந்து ஓடியது. மஞ்சமுதுகி கழுத்தை நீட்டிக் கேட்டது. டொக் டொக் வரவே இல்லை.

“அக்கா போயிட்டாளே,” என்று அழுதது. அழுதபடியே பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

அப்போது ஓர் உடும்பு நனைந்துகொண்டு வந்தது. “ஒதுங்க ஒரு பொந்து வேணும், தாயி.”

“ஓடைமேல சாஞ்ச இலுப்பையில ஒண்ணு காலியா இருக்கு. எடுத்துக்கங்கண்ணே.”

ஆனால் அன்று காலையில்தான் செங்கொண்டை அந்தப் பொந்தை ஓர் அணிலுக்குக் கொடுத்திருந்தது. அது கத்திச் சொன்னது வெள்ள இரைச்சலில் இக்கரைக்கு எட்டவில்லை. பொந்துக்குள் கண் திறக்காத அணில் குட்டிகள் கிடந்தன.

உடும்பு தலையை நீட்டியதும் தாய் அணில் வாசலை மறித்தது. “இது செங்கொண்டை எனக்குக் கொடுத்தது.”

“எனக்கு மஞ்சமுதுகி கொடுத்தது. உன் பிள்ளைங்க இருக்கட்டும், நான் தொட மாட்டேன். ஆனா தூக்கத்துல கொட்டாவி விட்டா, என் வாய்க்கு நான் பொறுப்பில்ல.”

ஓடை நடுவே அணில் கீச்சிட்ட சத்தம் இரு கரைக்கும் எட்ட, இரண்டு மரங்கொத்திகளும் பறந்து வந்தன.

“அக்கா, நீ இருக்கியா?”

“செத்தவ இப்படி மழையில நனைவாளாடி?”

உடும்பு நகரவில்லை. “ரெண்டு பேருமே பொந்து குடுக்கிறவங்க. இதுல யார் சொல்லு செல்லும்?”

மஞ்சமுதுகி பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. குட்டிகள் முனகின.

அப்போது கீழே இக்கரை மருத வேர்களின் இடுக்கிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. “ரெண்டு மரத்து வேரும் தண்ணிக்கடியில என் வளையிலதான் பின்னிக் கிடக்கு. செங்கொண்டை கொத்துறதை நிறுத்தவே இல்ல. என் காலெல்லாம் அதிருது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

ஆகவே செங்கொண்டையின் சொல்லே செல்லும் என்று ஆயிற்று. மஞ்சமுதுகி தலை குனிந்தது.

“தப்பு என்னோடது, அண்ணே. என் பொந்துல போய் இருங்க. கொஞ்சம் இடிக்கும்.”

உடும்பு முணுமுணுத்துக்கொண்டே போயிற்று. தாய் அணில் தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்தது. மஞ்சமுதுகி மழையிலேயே உட்கார்ந்திருந்தது.

அதன்பின் ஏற்பாட்டை மாற்றினார்கள். அக்காவின் சத்தம் நின்றுவிட்டது என்று தங்கையும் நண்டும் சேர்ந்து சொன்னால்தான் பொறுப்பு கைமாறும்.

அடுத்த வெள்ளத்திலும் சத்தம் கேட்கவில்லை. மஞ்சமுதுகி வேரடிக்கு இறங்கி நண்டைக் கூப்பிட்டது. “மாமா, அக்கா கொத்துறாளா?”

“கொத்துறா, கொத்துறா. நீ மேல போய் ஈரத்தை உதறு.”

குரல் எட்டவில்லை என்பதால் ஆளே இல்லை என்று முடிவுகட்டாமல், இருவரையும் அறிந்த மூன்றாமவரைக் கேட்ட பிறகே அவர் இடத்தில் உட்கார வேண்டும்.