ஆவுடைத்தாய் உட்காராத அறை

பேச்சிமுத்து வந்து குருவின் முன் உட்கார்ந்தார். கும்பிட மறந்துவிட்டார்.

“சாமி, பிரியமா ஒண்ணு செஞ்சா, அது ஏன் போய்ச் சேர மாட்டேங்குது?”

குரு வயதில் சின்னவர். பேச்சு அதைவிடச் சின்னது.

“என்ன செஞ்சீங்க, அண்ணாச்சி?”

“தரைக்குச் சாயம் ஏத்தினேன்.”

“யாருக்கு?”

“என் சம்சாரத்துக்குத்தான். ஆவுடைத்தாய் மெஷின் போட்டுத் தைக்க ஒரு அறை.”

பழைய ஸ்கூட்டர் நின்ற அறை அது. வெறும் சிமெண்ட் தரை. ஆள் வைக்காமல் அவரே இறங்கினார். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினார். ஆசிட் ஊற்றித் தேய்த்தார். கழுவிக் காயவிட்டார். பிறகு மண்டிபோட்டுக்கொண்டே, ஸ்பாஞ்சால் சாயத்தை ஒற்றி ஒற்றி ஏற்றினார். முட்டி இரண்டிலும் தோல் உரிந்துபோயிற்று.

“பாத்துட்டு மதினி என்ன சொன்னாங்க?”

“அரண்மனை மாதிரி இருக்குன்னா.”

“பிறகென்ன?”

“அதுல உக்கார மாட்டேங்கா, சாமி! கல்யாணமான நாள்லேருந்து தனி அறை, தனி அறைன்னு கேட்டவ. இப்பவும் சமையல்கட்டுக்குப் போற வழியிலதான் மெஷினைப் போட்டுக்கிட்டுக் கிடக்கா. என்ன கோவம்னு கேட்டா, ஒண்ணுமில்லைங்கா.”

குரு எழுந்தார். “வாங்க.”

வீட்டில், சமையல்கட்டுக்குப் போகும் வழியில் ஆவுடைத்தாய் தைத்துக்கொண்டிருந்தார். கீழே வெள்ளை டைல்ஸ். மெஷினை மிதிக்கும் கால்கள் வெறுங்கால்கள். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. சர்க்கரை வியாதி. கால் மரத்துப்போய்விட்டது. போன வருடம் தரையில் கிடந்த ஊசி ஏறியது தெரியவில்லை. தெரிந்தபோது விரலை எடுக்கவேண்டியதாயிற்று.

“வீட்டுக்குள்ள செருப்புப் போட்டுக்கிடலாம்ல, மதினி?”

“மெஷினை மிதிக்கிற காலுக்கா? நல்லாச் சொன்னீங்க. பூசைக்குப் பொட்டு வைக்கிற மெஷினு.”

“டாக்டர் சொல்லியே கேக்கலை, சாமி. நீங்க சொல்லியா கேக்கப் போறா?” என்றார் பேச்சிமுத்து.

“ஒரு ஊசி கொடுங்க, மதினி.”

ஆவுடைத்தாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குருவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். காப்பி போட உள்ளே போனார்.

அறையைத் திறந்தார்கள். புளியங்கொட்டை நிறம். அங்கங்கே கறுத்தும் வெளுத்தும், மேகம் போலத் திட்டுத் திட்டாகச் சாயம் இறங்கியிருந்தது. மேல்பூச்சின் பளபளப்பு வேறு.

“நல்ல வேலை,” என்றார் குரு.

பேச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது.

குரு விரல்களைத் தளர்த்தினார். ஊசி விழுந்தது.

“எடுங்க.”

பேச்சிமுத்து குனிந்து பார்த்தார். குத்துக்காலிட்டுப் பார்த்தார். உரிந்த முட்டியோடு மறுபடி மண்டிபோட்டார். பார்த்த இடமெல்லாம் ஒரு மினுக்கு இருந்தது. தொட்டால் தரைதான்.

“லைட்டைப் போடட்டா?”

“போடுங்க.”

மினுக்கு கூடிற்று.

“கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிடுதேன்.”

“மாட்டுங்க.”

மாட்டியும் கிடைக்கவில்லை. உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே நகர்ந்தார்.

வாசலில் டம்ளர் சத்தம். இரண்டு கையிலும் காப்பியோடு ஆவுடைத்தாய். இடது கால் நிலைப்படியைத் தாண்டி இறங்கப்போனது.

“உள்ள வராத!”

பேச்சிமுத்து போட்ட சத்தத்தில் காப்பி அலம்பிற்று. கால் அந்தரத்தில் நின்றது. பிறகு வெளியே போயிற்று.

“ஊசி கிடக்கு, ஆவுடை. எங்க கிடக்குன்னு…”



ஆவுடைத்தாய் ஒரு டம்ளரைக் குருவிடம் நீட்டினார். இன்னொன்றை நிலைப்படியில் வைத்தார். மெஷினின் இழுப்பறையிலிருந்து நூல் கட்டிய காந்தத்தை எடுத்துவந்து, வெளியே நின்றபடியே உள்ளே தள்ளிவிட்டார்.

“கண்ணால தேடுனா இதுல கிடைக்காதுங்க. நானும் தேடிப் பாத்துட்டேன். இழுத்துப் பாருங்க.”

பேச்சிமுத்து இழுத்தார். டிக்கென்று ஒட்டியது. அவர் முட்டிக்குப் பக்கத்திலேயேதான் கிடந்திருக்கிறது.

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அரண்மனைன்னு சொன்னியே.”

“அரண்மனைதான். அதுல என்ன பொய்?” ஆவுடைத்தாய் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். “ஒங்க முட்டியப் பாத்த பிறகு வேற என்னத்தச் சொல்ல?”

குரு காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினார்.

பேச்சிமுத்து அவசரமாக எழுந்து பின்னால் வந்தார். ஆவுடைத்தாயும் வந்து பக்கத்தில் நின்றார்.

“சாமி, ஒரு நிமிசம். இது சிமெண்டுக்குள்ள இறங்கின சாயம். போகாது. மேல பெயிண்ட்தான் அடிக்கணும். என்ன நிறம் அடிக்கட்டும்? வெள்ளையா, சந்தனமா? நீங்களே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க.”

குரு திரும்பிப் பார்த்தார்.

“எங்கிட்ட ஏன் கேக்கீங்க, அண்ணாச்சி? மதினி பக்கத்துலதானே நிக்காங்க.”