துணையில்லாத கிழவர் கணக்கு

வல்லம்பாடி ராஜாவுக்குத் திடீரென்று ஒரு கவலை. நாற்பது வருஷம் கழித்து நாட்டில் துணையில்லாத கிழவர் எத்தனை பேர், கிழவிகள் எத்தனை பேர்? தெரிந்தால் இப்போதே அவர்களுக்கு மடம் கட்டிவிடலாமே!

அரண்மனை ஜோசியர் அனந்தநாராயணர் சோழியை உருட்டி உருட்டிப் பார்த்தார். விடை வந்தபாடில்லை. ஓரமாகப் பூக்கட்டிக்கொண்டிருந்த மாடத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"வாக்குப் பொய்க்காத என்னைப் பார்த்தா சிரிக்கிறாய்? நீயே கணக்குச் சொல். தப்பினால் நாட்டைவிட்டுப் போ!" என்று சீறினார் ஜோசியர்.

ராஜாவும் தலையாட்டினார்.

"கிழவிங்களுக்கு ஒரு அறைகூட வேண்டாம் ராசா," என்றாள் மாடத்தி. "எல்லாம் கிழவங்களுக்கே கட்டுங்க. உங்களுக்கும் ஒண்ணு."

"எனக்கா?"

"ஒவ்வொரு கல்யாணத்துலயும் பொண்ணை 'தீர்க்க சுமங்கலியா இரு'ன்னுதானே நம்ம ஜோசியர் சாமி வாழ்த்துறாரு? மகாராணியையும் அப்படித்தானே வாழ்த்தினாரு? அப்போ பொம்பளைங்க எல்லாரும் புருஷனுக்கு முந்திப் போயிடுவாங்க. சாமி வாக்குதான் பொய்க்காதே!"

ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகாராணி ஜோசியரை முறைத்தாள்.

"அது... சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்றதும்மா," என்று அசடு வழிந்தார் ஜோசியர்.

"அப்போ உம்ம மத்த வாக்கெல்லாம்?" என்றார் ராஜா.

அன்றிலிருந்து வல்லம்பாடிக் கல்யாணங்களில் ஜோசியரின் வாழ்த்தே மாறிப்போனது: "ரெண்டு பேரும் பல்லு கொட்டின பிறகும் சண்டை போட்டுக்கிட்டே இருங்க!"