பேசாத சாவடி

லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்ற ஜோதிலிங்கம், சோழிங்கநல்லூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தபோது, அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் வான்மதி. வான்மதிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஜோதிலிங்கம் அதைப் பொருட்படுத்தவில்லை. கற்றுக்கொள்ளவே வந்திருக்கிறேன் என்று முதல் நாளே சொன்னார். வான்மதி தலையசைத்தார், நம்பியதாகத் தெரியவில்லை.

படையில் அவர் சிக்னல்ஸ் பிரிவு. எல்லைச் சாவடிகளின் கம்பியில்லாத் தொடர்பு முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே அவர் நுழைந்தால் அறையே எழுந்து நிற்கும். இங்கே ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அவர் மேசையைச் சுற்றி மட்டும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மனைவி காலமான பிறகு வீட்டிலும் ஒரு தட்டுதான்.

வங்கியிலிருந்து வந்ததுபோல் போலி மின்னஞ்சல் ஒன்றை அனுப்பி ஊழியர்களைச் சோதிப்பது அந்தப் பிரிவின் வழக்கம். ஜோதிலிங்கத்திடம் அந்த வேலை வந்ததும், ஏமாந்து திறந்தவர்களை மாதக் கூட்டத்தில் பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைத்து எழுந்து நிற்கவைத்தார். வெட்கப்பட்டவன் மறுமுறை விழிப்பாக இருப்பான் என்பது அவர் எண்ணம்.

"கோர்ட் மார்ஷல் எப்ப சார்?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். கூடம் சிரித்தது. நின்றவர்களில் கணக்குப் பிரிவு ஹேமலதா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு, தவறு செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் அவரிடம் வரவில்லை. அந்த அமைதியைத் தன் வெற்றி என்றே ஜோதிலிங்கம் எடுத்துக்கொண்டார்.

தகுதிகாண் காலம் முடியப்போகும் வாரம், வான்மதியின் அறைக்குப் போனார். இந்த வேலை கைவிட்டுப் போனால் இந்த வயதில் வேறு யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் பொறுப்பெடுத்த பிறகு ஒரு புகாரும் வரல மேடம். அப்புறமும் என்னை உறுதிசெய்ய ஏன் தயங்கறீங்க?"

வான்மதி மேசைமேல் இருந்த மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். ஹேமலதாவுடையது. இம்முறை அதில் வந்த மின்னஞ்சல் சோதனை அல்ல, திருடன் வீசிய நிஜத் தூண்டில். திறந்த கணமே தவறு என்று ஹேமலதாவுக்குப் புரிந்திருக்கிறது. அன்றே வாய் திறந்திருந்தால் பாதிப்பு ஒரு கணினியோடு போயிருக்கும். அவர் சொல்லவில்லை. வெளியாள் ஒருவன் பல நாட்களாக வாடிக்கையாளர்களின் மருத்துவக் கோப்புகளுக்குள் உலவிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஏன் சொல்லலையாம்?"

"இன்னொரு தடவை எழுந்து நிக்க முடியாதுன்னு அழுதாங்க."

ஜோதிலிங்கம், கட்டுப்பாடு என்ற ஒன்று இல்லாமல் பாதுகாப்பு ஏது என்று தொடங்கினார்.

வான்மதி இடைமறித்துக் கேட்டார்: "மலைமேல ஒரு சாவடி. பேசவேண்டிய நேரத்துக்குப் பேசல. என்ன பண்ணுவீங்க?"

இதற்கு அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சேர்ந்த முதல் வருடமே படையில் படித்த பாடம் அது.

"பேசலன்னா அங்க ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். சத்தம் இல்லையேன்னு எவனும் நிம்மதியா தூங்கமாட்டான். உடனே..."

நிறுத்தினார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தளம் முழுவதும் தலைகள் திரையை நோக்கிக் குனிந்திருந்தன. அவற்றில் ஹேமலதாவைத் தவிர வேறு ஒரு முகத்துக்கும் அவருக்குப் பெயர் தெரியாது.

"உடனே?"

"ஆள் அனுப்புவோம்."

"அனுப்புங்க."

முதன்முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார் ஜோதிலிங்கம்.

"யாரை அனுப்பறது மேடம்?"

"இங்க உங்களுக்குக் கீழ யாரும் இல்ல சார். நீங்கதான் போகணும்."