நெடும்பல்லனுக்கு ஒரு வாய் சோறு

நெடும்பல்லன் என்ற அரக்கனின் கதையை முப்பது வருஷமாகப் பாடிவந்த சடையாண்டிப் புலவர், இனிமேல் பாடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு மலையடி மடத்துக்கு வந்தார். கோபம்னா கோபம், அப்படியொரு கோபம். வாசலில் செருப்பைக் கழற்றவே மறந்துபோனார்.

அந்தப் பழைய காவியத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் மடத்தில் இருந்த மங்களவல்லி அம்மை. சீடரைவிட ஏழு வயசு இளையவர்தான். வித்தைக்கு வயசு ஏது?

"வாங்க அரக்கரே," என்றார் அம்மை. "நாளைக்குத் திருவிழாவுல உங்க பாட்டு. இன்னைக்கு இங்கே என்ன வேலை?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். நான் பாடலை. வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடுங்க."

"ஏனாம்?"

புலவர் பைக்குள் கைவிட்டு ஒரு டிபன் டப்பாவை எடுத்து டொக்கென்று வைத்தார். மூடியில் நெடும்பல்லன் சிரித்துக்கொண்டிருந்தான். பானை வயிறு, உருண்டைக் கண், உதட்டோரம் அரிசி மாதிரி ரெண்டே ரெண்டு பல்.

"பாருங்கம்மா இந்த அக்கிரமத்தை! ஏழு ஊரை நடுங்க வெச்சவன். டிவிக்காரன் இவனைக் கார்ட்டூன் ஆக்கிட்டான். போன வருஷம் நான் மேடையில நின்னு கர்ஜிக்கிறேன், சின்னது பெருசு அத்தனையும் கைதட்டிச் சிரிக்குது. வயிறு எரியுது எனக்கு!"

"டப்பா யாரோடது?"

புலவரின் சுருதி கொஞ்சம் இறங்கியது.

"எங்க தெரு யாழினி. ரெண்டாம் வகுப்பு. பள்ளிக்கூட மரத்தடியில உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தா. பார்த்ததும் பொறுக்கலை. பிடுங்கிட்டு வந்துட்டேன்."

அம்மை மூடியைத் திறந்தார். எலுமிச்சைச் சாதம் பாதி மிச்சம் இருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன உருண்டை தனியாக ஒதுக்கி வைத்திருந்தது.

"இது?"

"அது இவனுக்காம். தினம் இவனுக்கு ஒரு வாய் வெச்சுட்டுத்தான் சாப்பிடுவாளாம். கேட்டீங்களா கூத்தை!"

அம்மை சிரிக்கவில்லை.

"அவன் வாயைத் திறந்து பேசுற முதல் வரியைச் சொல்லுங்க."

புலவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உடனிருந்து உண்பார் ஒருவர் உளரோ!" என்று கர்ஜித்தார். மதில்மேல் இருந்த காக்கை பறந்தது.

"கர்ஜனை நூலில இருக்கா?"

"இல்லை. அது நான் சேர்த்தது. அரக்கன்னா கர்ஜிக்க வேண்டாமா?"

"அதை எடுத்துட்டுச் சொல்லுங்க."

புலவர் மறுபடி சொன்னார். இந்தத் தடவை மெல்ல. முப்பது வருஷமாய் வாயில் புரண்ட வரிதான். பாதியில் நிறுத்தி, டப்பாவில் இருந்த உருண்டையைப் பார்த்தார்.

"அம்மா... இவன் இரை தேடலை. கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் கேட்கிறான்."

"ம்."

"பாவி, நான் இத்தனை வருஷம் இதைக் கத்திக் கெடுத்திருக்கேனே! நாளைக்கு எந்த முகத்தோட பாடுவேன்?"

அம்மை டப்பாவை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"நாளைப் பாட்டு நாளைக்கு. எத்தனையோ தலைமுறையா கேட்டுக்கிட்டிருந்தான். இப்பத்தான் ஒருத்தி சரின்னு பக்கத்துல உட்கார வெச்சா. பந்தியில உட்கார்ந்தவனை நீங்க எழுப்பிட்டு வந்திருக்கீங்க."