எடை குறையாத வில்லை

ரொசாலினுக்கு நாற்பத்தேழு வயது. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் சேர்ந்திருந்தாள். வழிகாட்டி தில்லைநாயகம் அவளைவிடப் பதினான்கு வயது இளையவர். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை அக்கா என்பார். அதில் இருவருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது.

கடல் உப்பு அரிக்காத உலோகம் வேண்டி, அலுமினியத்தை உருக்கி, கடினமான பொடி கலந்து, வார்த்து, உலையில் பதப்படுத்தினாள். அம்மாடி, மூன்று வருஷப் பாடு! அதே உலோகத்தில் தம்பி மிக்கேலின் படகுக்கும் ஒரு மூடி வார்த்துக் கொடுத்திருந்தாள். இஞ்சினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீர் இழுக்கும் பம்பின் மூடி; அதில் ஓட்டை விழுந்தால் நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோகும். மறுநாள் காலை அவன் கடலுக்குப் போகிறான்.

சோதனைக்காக அந்த உலோகத்தில் வட்டமாக வெட்டி, அறுபது நாள் உப்புத்தண்ணீரில் தொங்கவிட்ட வில்லையை அன்று மத்தியானம் எடுத்து அலசி, உலர்த்தி, தராசில் வைத்தாள். எடை இம்மியும் குறையவில்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சார், உப்பு ஒண்ணுமே பண்ணல! ஆய்வேட்டுல எழுதிரலாமா?"

அவர் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"அமிலத்துல கழுவுனீங்களாக்கா?"

"ஐயோ, இல்ல சார். நல்ல உலோகத்தையும் தின்னுருச்சுன்னா?"

"நல்லத அது தொடாது."

கையுறை மாட்டிக்கொண்டு அவரே வில்லையை அமிலத்தில் இறக்கினார். வெள்ளைப் படிவு மெல்லக் கரைந்தது. வெளியே எடுத்தபோது வில்லை முழுக்கக் கறுப்புக் குழிகள். பொடி ஒட்டியிருந்த இடமெல்லாம் ஓரத்தில் அரித்திருந்தது. தராசில் வைத்தார். எடை நன்றாகவே குறைந்திருந்தது.

"அப்ப முன்னாடி எப்படி சார் குறையாம இருந்துச்சு?"

"அரிச்சது வெளிய போகலக்கா. குழிக்குள்ளயே உக்காந்திருந்துச்சு."

ரொசாலின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"மூணு வருஷம் சார். அத்தனையும் மண்ணாப் போச்சு."

அவர் அவளை அழ விட்டார். கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி இப்ப எங்கக்கா?"

"வீட்லதான் சார். காலைலதான படகு ஏறுறான்…"

சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

அவர் மேஜைமேல் கிடந்த அவளுடைய போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"கரையிலதான இருக்காரு? அப்ப உங்க ஆராய்ச்சி பலிச்சிருச்சுக்கா. மூடியக் கழட்டச் சொல்லுங்க."